இடது சக்கரம் சொன்ன கதை: சர்வீஸ் சென்டர்ல பேச வேண்டிய மொழி

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வழக்கமா இங்க கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு வண்டி. போன எபிசோட்ல போற போக்குல, "ஷோரூம்காரங்களோட நாலு மாசமா மல்லுக்கட்டிட்டு இருந்தேன்"னு ஒரு வரி சொன்னேன். அதைப் பத்தி முழுசா பேசுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேசலாம்.

முதல்லயே ஒண்ணு. வண்டி என்ன மாடல், ஷோரூம் எதுன்னு சொல்லப் போறது இல்ல. பிரச்சனை முடிஞ்சு போச்சு. அதோட, இதே கதை எந்தக் கம்பெனி வண்டியிலயும் எந்த ஊர்லயும் நடக்கலாம். பேரைச் சொன்னா நீங்க பேரை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்குவீங்க. எனக்கு வேண்டியது நீங்க முறையை ஞாபகம் வச்சுக்கணும்.

வண்டிக்கு என்ன ஆச்சு

லேடர் ஃப்ரேம், ஃபோர் வீல் டிரைவ், டீசல். வாங்கினது ஷோக்கு இல்ல. நாங்க இருக்கிறது பாளையங்கோட்டை, வயல் இருக்கிறது கல்லிடைக்குறிச்சி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். மெயின் ரோட்டுல இருந்து வயலுக்கு வண்டிப்பாதைதான். மழை பெஞ்சா சாதாரண கார் சிக்கிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தப்போ அந்தப் பாதையைப் பாத்த பிறகுதான் அப்பா, "இனி உசரமான வண்டிதாம்ல"ன்னு முடிவு பண்ணினாங்க. அதிகமா ஓட்டுறதும் அப்பாதான். வயசு அறுபத்தி மூணு.

மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டினதும் மூணு விஷயம் ஆரம்பிச்சுது. ஒண்ணு, நேரா போகும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி நிக்குது. ரெண்டு, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா இடது முன்பக்கம் 'டொக்'னு ஒரு சத்தம். மூணாவதுதான் பயமுறுத்துனது. எண்பதுல போகும்போது ஒரு சின்னப் பள்ளத்துல விழுந்தா, வண்டி தானா இடது பக்கம் நகருது. நாம பிடிச்சு இழுத்து நேராக்கணும்.

பாளையங்கோட்டையில இருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியா போற ரோடு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். நடுவுல தடுப்பு கிடையாது. எதிர்ல பஸ், பின்னால லாரி, ஓரத்துல சைக்கிள்ல யாராவது. அந்த ரோட்டுல ஒரு அடி நகர்றதுங்கிறது சின்ன விஷயம் இல்ல. ஒரு நாள் வீரவநல்லூர் தாண்டி இப்படி நகர்ந்தப்போ அம்மா பக்கத்துல இருந்தாங்க. அதுக்கு அப்புறம் அந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டாங்க. மாசம் பிறந்தா இ.எம்.ஐ. போகுது, அம்மா பஸ்ல போறாங்க.

மூணு தடவை அலைன்மென்ட்

ஷோரூம்ல விட்டோம். "அலைன்மென்ட் போயிருக்கு சார், சரி பண்ணியாச்சு." ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. திரும்ப அதே கதை. திரும்ப விட்டோம். "ரோடு மோசம் சார், அலைன்மென்ட் போகத்தான் செய்யும்." திரும்ப சரி பண்ணாங்க, அதுக்குக் காசும் வாங்கினாங்க. ஆயிரம் கிலோமீட்டர்கூட தாங்கல.

டெஸ்ட் டிரைவ் போனீங்களான்னு கேட்டா, போனோம்பாங்க. எங்க போனாங்க? ஷோரூம் வாசல்ல இருந்து ஒரு ரவுண்டு, நாப்பது வேகத்துல, நல்ல தார் ரோட்டுல. "எங்களுக்கு ஒண்ணும் தெரியல சார்." நம்ம தொழில்ல இதுக்கு ஒரு பேர் உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" யூசர் பக் சொன்னா டெவலப்பர் சொல்ற முதல் பதில். ஓடலாம். ஆனா யூசர் உங்க மெஷின்ல வாழல.

இந்த நேரத்துலதான் என் சித்தப்பா மகன்கிட்ட பேப்பரை எல்லாம் காட்டினேன். அவன் வக்கீல். கோர்ட்டுக்குப் போறதுக்காக இல்ல, சும்மா யோசனை கேக்கத்தான். அவன் ரெண்டு ஜாப் கார்டையும் பில்லையும் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணே, இதுல கம்ப்ளைன்ட் எங்க இருக்கு?"

ஜாப் கார்டுல கஸ்டமர் என்ன சொன்னார்னு எழுத ஒரு இடம் இருக்கும். அதுல சர்வீஸ் அட்வைசர் ரெண்டு தடவையும் எழுதியிருந்தது, "வீல் அலைன்மென்ட் செக்". அவ்வளவுதான். வண்டி இழுக்குதுன்னோ, சத்தம் வருதுன்னோ ஒரு வார்த்தை இல்ல. நாங்க வாயால அரை மணி நேரம் சொன்னதெல்லாம் காத்தோட போயிடுச்சு. பேப்பரை மட்டும் பாக்குறவங்களுக்கு நாங்க யாரு? அடிக்கடி வந்து ஆசையா அலைன்மென்ட் பண்ணிக்கிட்டுப் போற ஒரு குடும்பம்.

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் நீங்க எடுத்துட்டுப் போகணும்னா, அது இதுதான். சர்வீஸ் சென்டர்ல உங்க வாய்க்கு மதிப்பு இல்ல, ஜாப் கார்டுக்குத்தான் மதிப்பு. அட்வைசர் கெட்டவர்னு சொல்லல. அவருக்கு அன்னைக்கு இருபது வண்டி. சுருக்கி எழுதுறார். சுருக்கும்போது உங்க பிரச்சனை காணாம போயிடுது.

பேப்பர்ல இருந்த பதில்

அலைன்மென்ட் பண்ணினா மெஷின்ல இருந்து ஒரு பிரிண்ட் தருவாங்க. முன்னாடி என்ன அளவு, சரி பண்ணின பிறகு என்ன அளவுன்னு ரெண்டு பத்தி இருக்கும். சிவப்பு, பச்சை. பச்சையைப் பாத்துட்டு மடிச்சு டேஷ்போர்டுல வச்சிருவோம்.

அதுல ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும். வண்டிக்கு முன்னால நின்னு பாருங்க. சக்கரத்தோட தலை உள்பக்கம் சாய்ஞ்சிருந்தா அது நெகட்டிவ் கேம்பர். அடுத்தது டோ. நீங்க நிக்கும்போது ரெண்டு பாதமும் உள்பக்கம் பாத்து நின்னா டோ-இன், வெளிப்பக்கம் பாத்து நின்னா டோ-அவுட். இது ரெண்டும் இடதுக்கும் வலதுக்கும் மாறுபட்டா வண்டி இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும்.

மூணாவது தடவை வண்டியை விட்டப்போ, முதல் ரெண்டு பேப்பரையும் கையில வச்சுக்கிட்டு மூணாவதோட சேர்த்துப் பாத்தேன். முதல் தடவை சரி பண்ணி அனுப்பினப்போ இடது கேம்பர் மைனஸ் 0.2. ரெண்டாவது தடவை போனப்போ அதே இடது மைனஸ் 1.0. திரும்ப மைனஸ் 0.2-க்குக் கொண்டு வந்தாங்க. மூணாவது தடவை போறப்போ மைனஸ் 1.1. வலது? மூணு தடவையும் மைனஸ் 0.3. அசையவே இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு இது புரியும், ரெண்டு வெர்ஷனுக்கு நடுவுல டிஃப் போட்டுப் பாக்குறதுதான். நீங்க நேத்து சேவ் பண்ணின ஃபைல் இன்னைக்குத் திறக்கும்போது வேற மாதிரி இருந்தா, நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க. இங்க கை வச்சது யாரு?

அட்வைசர்கிட்ட கேட்டேன். "ரோடு மோசம்னு சொன்னீங்களே சார், வலது சக்கரமும் அதே ரோட்டுலதான ஓடுது?" அவர் சளைக்கல. "இடது பக்கம் ரோட்டு ஓரத்துல ஓடும் சார், அடி ஜாஸ்தி வாங்கும்." நியாயமான பதில்தான். ஆனா அடி வாங்கி ஏதாவது வளைஞ்சிருந்தா, வளைஞ்சது அப்படியே நிக்கும். ஒவ்வொரு தடவையும் நாம சரி பண்ணினதுக்கு அப்புறம் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பிப் போகுதுன்னா, வளையல. நழுவுது.

ஒரு கோடு

வண்ணாரப்பேட்டையில எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி இருக்கார். முப்பது வருஷமா சஸ்பென்ஷன் வேலை. அவர்கிட்ட கொண்டு போனேன். வண்டிக்குக் கீழ டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஸ்பேனரைத் தொடாமலே எந்திரிச்சார்.

"தம்பி, கீழ்க்கையில ஒரு கேம் போல்ட்டு இருக்கு. அதைத் திருப்பித்தான் கேம்பர் செட் பண்ணுதாங்க. அது பிடிக்கலைன்னா, குழியில விழும்போதெல்லாம் நழுவும். நீ கேக்க அந்த 'டொக்' அதுவாத்தான் இருக்கும். ஆனா நான் இப்ப ஸ்பேனர் வச்சேன்னா, வெளியாள் கை வச்சுட்டான், வாரண்டி கிடையாதும்பாங்க. நீ அங்கயே போயி செட் பண்ணச் சொல்லு. முடிச்சதும் போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் சேத்து ஒரு பெயின்ட் கோடு போடச் சொல்லு. அவங்க கையாலயே போடச் சொல்லு. பத்து நாள் கழிச்சுக் கோடு சொல்லும்."

அந்த நாலு வாக்கியத்துல எவ்வளவு அனுபவம் பாருங்க. போல்ட் ஆடாம இருந்தா கோடு நேரா இருக்கும். நழுவினா கோடு ரெண்டா உடைஞ்சு நிக்கும். அதுக்கு மேல வாதமே கிடையாது.

மூணாவது அலைன்மென்ட் அன்னைக்கு அதைத்தான் செஞ்சோம். டெக்னீஷியன் பையன் வெள்ளைப் பெயின்ட்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டான். போட்டோ எடுத்தேன், ஓடோமீட்டரையும் சேர்த்து. பன்னெண்டு நாள் கழிச்சு, நானூத்தி சொச்சம் கிலோமீட்டர் ஓடின பிறகு, அதே லிஃப்ட்ல ஏத்திப் பாத்தோம். வலது கோடு நேரா இருந்துச்சு. இடது கோடு ஒரு விரல் அகலம் விலகி இருந்துச்சு. அந்தப் பையன் பாத்துட்டு, "அண்ணா, இது லூஸு"ன்னான். நாலு மாசத்துல அந்தக் கட்டடத்துக்குள்ள நான் கேட்ட முதல் நேர்மையான டயக்னோசிஸ் அதுதான்.

"ஆஃப்ரோடு போனீங்களா சார்?"

இத்தோட முடிஞ்சிருக்கணும். முடியல. மேல இருந்து வந்த பதில்: "ஆஃப்ரோடு யூசேஜ், வாரண்டியில வராது."

விளம்பரத்துல அந்த வண்டி ஆத்தைக் கடக்கும், பாறை ஏறும், மணல்ல பறக்கும். வாங்கின பிறகு வயல் பாதையில போனா குத்தம். வாரண்டி புக்கைத் திறந்து வரிவரியா படிச்சேன். நீங்களும் படிங்க. பெரும்பாலும் அதுல விலக்கு இருக்கிறது ரேஸ், ராலி, போட்டி, அளவுக்கு மீறின பாரம், வண்டியை மாத்தி அமைக்கிறது, சரியா பராமரிக்காம விடுறது, இந்த மாதிரி விஷயங்களுக்கு. எங்க புக்குல மண் ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. பெரிய டயர் போடல, லிஃப்ட் கிட் போடல, மொத்த வண்டியும் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு.

அதனால நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "எந்த ஷரத்துப்படி வராதுன்னு எழுத்துல குடுங்க." வாயால "வராது"ன்னு சொல்றது சுலபம். எழுதும்போது பக்க எண் போடணும், கையெழுத்துப் போடணும். அப்போதான் யோசிப்பாங்க.

அனுப்பின மெயில்

ஷோரூமுக்கும், கம்பெனியோட கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில். ரெண்டு பேருக்கும் ஏன் அனுப்பணும்னா, டீலர் வேற, தயாரிப்பாளர் வேற. டாடா மோட்டார்ஸ் எதிர் ஆன்டோனியோ பாலோ வாஸ்னு 2021-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு இருக்கு. டீலர் தன் பாட்டுக்குச் செஞ்ச தப்புக்கு, தயாரிப்பாளருக்கு அது தெரியும்னு நிரூபிக்காம, அவங்களைப் பொறுப்பாக்க முடியாதுன்னு அதுல சொன்னாங்க. அப்போ தெரியப்படுத்த வேண்டியது நம்ம வேலை.

மெயில்ல கோபம் இல்ல, கதை இல்ல. பக் ரிப்போர்ட் எழுதுற மாதிரி எழுதினேன். சேஸிஸ் நம்பர், வாங்கின தேதி, ஓடின கிலோமீட்டர். அறிகுறி மூணு, ஒவ்வொண்ணும் எந்த வேகத்துல, எந்த மாதிரி ரோட்டுல வருதுன்னு. மூணு ஜாப் கார்டு, மூணு அலைன்மென்ட் பிரிண்ட், கோடு போட்ட போட்டோ, கோடு விலகின போட்டோ. கடைசியில கோரிக்கை: காரணத்தைக் கண்டுபிடிச்சு எழுத்துல தரணும், கோளாறான பாகத்தை வாரண்டியில மாத்தணும், உள்ஓரம் தேஞ்ச டயருக்குப் பதில் சொல்லணும், சரியாகாம இந்த வண்டியை ஓட்டுறது பாதுகாப்பான்னும் சொல்லணும்.

அந்தக் கடைசி வரி முக்கியம். "ஓட்டலாம், பாதுகாப்புதான்"னு எழுதிக் குடுக்க யாரும் முன்வர மாட்டாங்க.

சட்டம் எங்க வருது

நான் வக்கீல் இல்ல. தம்பி விளக்கினதையும் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில. இதுல நமக்கு உதவுற மாற்றம், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம். கம்பெனி தலைமையகம் மும்பையில இருந்தா என்ன, குருகிராம்ல இருந்தா என்ன, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான். பத்துல இருந்து இருபது லட்சம் வரைக்கும் உள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சனை எழுந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அதுக்கு முன்னால 1915-க்கு போன் பண்ணினா தேசிய நுகர்வோர் உதவி எண், அவங்க கம்பெனிகிட்ட பேசிப் பாப்பாங்க.

ஆனா எதைக் கேக்குறோம்ங்கிறதுல கவனம் வேணும். நம்ம ஊர்ல கோபம் வந்தா உடனே, "புது வண்டி குடு, இல்ல முழுப் பணத்தைக் குடு". மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கு, 2006. கிளட்ச் பிரச்சனைக்காக வண்டியையே மாத்தித் தரணும்ங்கிற உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. வாரண்டி சொல்றது கோளாறான பாகத்தை மாத்துறது பத்தித்தான்னு சொல்லிட்டாங்க. வண்டி முழுசும் வேணும்னா, அடிப்படையிலேயே தயாரிப்புக் கோளாறுன்னு காட்டணும். சந்தேகம் இருந்தா பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது நீண்ட பாதை. அதனாலதான் எங்க மெயில்ல புது வண்டி கேக்கல. ஒரு பாகம் கேட்டோம், ஒரு காரணம் கேட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2022-ல ஹூண்டாய் கிரெட்டா ஏர்பேக் வழக்கு. மோதின வேகத்துல ஏர்பேக் விரியத் தேவையில்லைங்கிற மாதிரி கம்பெனி வாதம் போச்சு. நுகர்வோர் ஒண்ணும் மோதலோட வேகத்தையும் விசையையும் கணக்குப் போடுற இயற்பியல் நிபுணர் இல்லைங்கிற அர்த்தத்துல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. கேம்பர் டிகிரி தெரியாட்டியும் உங்க புகாருக்கு மரியாதை உண்டு. தெரிஞ்சா சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

இதுல உங்க வண்டியோட மட்டும் முடியாத ஒரு விஷயமும் இருக்கு. 2023 ஜூலையில மாருதி, எஸ்-பிரெஸ்ஸோவும் ஈக்கோவுமா 87,599 வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. காரணம் ஸ்டீயரிங் டை ராடுல ஒரு பாகம் உடையலாம், வண்டி கட்டுப்பாடு போகலாம்ங்கிறது. அது கம்பெனி தானா முன்வந்து செஞ்சது. தானா செய்யலைன்னா அரசே உத்தரவு போட 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 110-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. அரசு எதை வச்சு முடிவு பண்ணும்? எத்தனை பேர் புகார் பதிஞ்சாங்கங்கிறதும் அதுல ஒரு கணக்கு. நீங்க எரிச்சல்ல வண்டியை வித்துட்டுப் போனா, அந்தக் கணக்குல ஒண்ணு குறையுது. கோளாறு மட்டும் அடுத்து வாங்கினவர் வீட்டுக்குப் போகுது.

என்ன ஆச்சு

மெயில் போன பதினொண்ணாவது நாள் கம்பெனியில இருந்து ஏரியா சர்வீஸ் ஆள் வந்தார். நானும் அவரும் டெக்னீஷியனும் ஒரே வண்டியில நாலுவழிச் சாலைக்குப் போனோம். எங்க, எந்த வேகத்துலன்னு நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்த இடத்துல, அந்த வேகத்துல நகர்ந்துச்சு. அவர் ஒண்ணும் பேசல, நோட்டுல எழுதினார்.

இடது கீழ்க்கை, புஷ், ரெண்டு பக்கக் கேம் போல்ட் எல்லாம் வாரண்டியில மாத்தினாங்க. டார்க் ரென்ச் வச்சு முறுக்கினதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அலைன்மென்ட்டுக்கு வாங்கின காசு திரும்ப வந்துச்சு. முன் டயர் ரெண்டுக்கும் பாதி விலை 'நல்லெண்ண அடிப்படையில'. போல்ட் தொழிற்சாலையில இருந்தே சரியில்லையா, முதல் அலைன்மென்ட்ல சரியா முறுக்கலையான்னு கடைசி வரைக்கும் எழுத்துல தரல. ஜாப் கார்டுல மட்டும் "கேம் போல்ட் நழுவல், பாகம் மாற்றப்பட்டது"ன்னு இருக்கு. திரும்ப வந்தா அந்த ஒரு வரி போதும்.

இப்போ வண்டி நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியாச்சு. இடது கேம்பர் அசையல. நான் இன்னும் மாசம் ஒரு தடவை கோட்டைப் பாக்குறேன்.

முடிக்கிறதுக்கு முன்னால, கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறவங்களுக்காகச் சுருக்கமா. ஜாப் கார்டுல உங்க வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்க: எந்த வேகம், எந்த ரோடு, எந்தப் பக்கம். எழுதின பிறகு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, நகல் வாங்குங்க. டெஸ்ட் டிரைவுக்குக் கூடவே போங்க. அலைன்மென்ட் பிரிண்டைத் தூக்கிப் போடாதீங்க, பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வாரண்டி காலத்துல வெளிய காட்டலாம், ஆனா வெளிய கழட்ட வேண்டாம். "வராது"ன்னா எழுத்துல கேளுங்க. ஸ்டீயரிங் சந்தேகமா இருந்தா, சரியாகுற வரைக்கும் வேகத்தைக் குறைங்க, முடிஞ்சா ஓட்டாதீங்க. பாகம் மாத்துறதுக்கு வாரண்டி இருக்கு, ஆளுக்குக் கிடையாது.

உங்க ஊர்ல உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. முக்கியமா, ஜாப் கார்டுல நீங்க சொன்னது ஒண்ணு, அவங்க எழுதினது ஒண்ணா இருந்தா அதைச் சொல்லுங்க. நல்லதா ஒரு பத்து சேர்ந்தா தனி எபிசோடே போடலாம். அடுத்த வாரம் திரும்பவும் கோடிங்தான், பயப்படாதீங்க.